800 மீட்டர் ஓடுற பொண்ணு மெட்ரிக் முடிக்கிறா: தனியார் காலேஜா, பப்ளிக் யூனிவர்சிட்டியா?

சவுத் ஆப்பிரிக்கா டர்பன்ல இருக்கற சாட்ஸ்வொர்த்ல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. பொண்ணு இந்த வருஷம் மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் கிரேடு, 800 மீட்டர் நல்லா ஓடுறா, மாகாண அளவுல மெடல் இருக்கு, பி.காம் அக்கவுண்டிங் படிக்கணும்னு ஆசை. உம்லாங்கா பக்கம் ஒரு தனியார் காலேஜ் ஃபீஸ்ல ஒரு பங்கு குறைச்சுக்கறோம்னு சொல்லுது, இன்னொரு பக்கம் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம், நம்ம யுகேஸெட்என், அப்ளை பண்ணியாச்சு. வீட்டுக்காரரு தனியார்னா ஸ்ட்ரைக் கிடையாது நிம்மதிங்கறாரு, ஸ்கூல் டீச்சர் பப்ளிக்ல தான் ஸ்போர்ட்ஸே இருக்குங்கறாரு, இதுக்கு நடுவுல அமெரிக்கா ஸ்காலர்ஷிப் வாங்கித் தர்றேன்னு ஒரு ஏஜென்ட் வேற ஃபோன் பண்றாராம். தனியார் டிகிரிக்கு மதிப்பு இருக்குமான்னும் கேக்கறாங்க. பொண்ணு இப்ப கிங்ஸ் பார்க் டிராக்ல ஒரு கிளப் கோச்சுகிட்ட வாரத்துல அஞ்சு நாள் ட்ரெயின் பண்றா.

நான் டர்பன்ல பல வருஷமா ஸ்கூல் பசங்களுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கறவ, அப்ளிகேஷன் சீசன்ல அவங்களோட உட்கார்ந்து ஃபார்ம் நிரப்பறவளும் கூட, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன் அக்கா, பொறுமையா படிங்க.

என் பதில் பப்ளிக் தான். ஆனா டீச்சர் சொன்ன காரணத்துக்காக இல்ல. உங்க பொண்ணுக்கு ஸ்போர்ட்ஸ் ஏற்கனவே கிடைச்சாச்சு, அது கிங்ஸ் பார்க்ல அந்த கோச்சுகிட்ட இருக்கு. அவளுக்கு யூனிவர்சிட்டிகிட்ட இருந்து வேண்டியது கிரவுண்டு இல்ல, நேரம். அதோட, கால்ல அடிபட்டு ஆறு மாசம் ஓட முடியாம போனாலும் அங்கயே படிச்சு முடிக்கற மாதிரி பண ஏற்பாடு. இந்த ரெண்டையும் எது கொடுக்குதோ அங்க சேருங்க, போர்டுல தனியார்னு இருக்கா பப்ளிக்னு இருக்கான்னு பாக்கறது அதுக்கு அப்புறம்.

முதல்ல எந்த விளையாட்டுங்கறதே பாதி பதில சொல்லிடும். ரக்பி, ஹாக்கி, நெட்பால் மாதிரி டீம் விளையாட்டுன்னா நான் ரெண்டு வரில பப்ளிக்னு முடிச்சிருப்பேன். ஏன்னா இந்த நாட்டுல யூனிவர்சிட்டி விளையாட்டோட அமைப்பே பப்ளிக் யூனிவர்சிட்டிகள சுத்தித்தான் கட்டியிருக்கு. வார்சிட்டி கப் ரக்பி 2008-ல ஆரம்பிச்சது, திங்கக்கிழமை ராத்திரி டிவில வர்றது, அது ஸ்டெல்லன்போஷ், கேப் டவுன், பிரிட்டோரியா, ப்ளும்ஃபோன்டைன், பொட்செஃப்ஸ்ட்ரூம் இந்த மாதிரி இடங்களோட ஆட்டம், நம்ம யுகேஸெட்என் அதுக்கு அடுத்த தட்டுல வார்சிட்டி ஷீல்டுல ஆடியிருக்கு. ஹாக்கி நெட்பால் எல்லாம் அதே குடைக்குள்ள தான் வருது. டீம் பொண்ணுக்கு கூட ஆட பத்து பேரு வேணும், ஆஸ்ட்ரோ டர்ஃப் கிரவுண்டு வேணும், லீக் வேணும், அத சின்ன காலேஜ் ஒண்ணு தனியா உருவாக்கிக் கொடுக்க முடியாது.

ஓட்டம் அப்படி இல்ல. உங்க பொண்ணு சவுத் ஆப்பிரிக்கா சாம்பியன்ஷிப்புக்கு போகணும்னா கிளப் வழியா குவாசூலு-நட்டால் அத்லெடிக்ஸ்ல லைசென்ஸ் எடுத்து, டைம் ஓடி, மாகாண டீம்ல இடம் பிடிச்சாலே போதும், எந்த காலேஜ்ல படிக்கிறான்னு அங்க யாரும் கேக்க மாட்டாங்க. தனியார் காலேஜ்ல சேர்ந்தா ஓட்டமே போச்சுன்னு டீச்சர் சொன்னது அதனால சரியில்ல. ஆனா ஒரு கதவு மட்டும் யூனிவர்சிட்டி வழியா தான் திறக்கும், அது யூசா, நாட்டு அளவுல யூனிவர்சிட்டி விளையாட்ட நடத்துற அமைப்பு. அது வழியா தான் உலக யூனிவர்சிட்டி கேம்ஸுக்கு போக முடியும். அந்த மேடை சின்னது இல்ல, 2025-ல ஜெர்மனில நடந்தப்போ நூறு மீட்டர் தங்கம் ஜெயிச்ச பயாண்டா வலாசா நம்ம நாட்டுப் பையன், ட்ஷ்வானே தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவன், அதுக்கு முந்தின வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்ல ரிலேல வெள்ளி வாங்கின டீம்ல இருந்தவன். பெரிய பேர் வச்ச யூனிவர்சிட்டில இருந்து தான் வரணும்னு இல்லங்கறதுக்கும் அவன் தான் சாட்சி. அந்த உம்லாங்கா காலேஜ்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க, நீங்க யூசால மெம்பரா, உங்க மாணவி யூசா போட்டில ஓட முடியுமான்னு. ஆமான்னா எழுத்துல வாங்குங்க. பேச்ச மாத்துனாங்கன்னா விஷயம் புரிஞ்சுடும்.

கோச் விஷயத்த நான் ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, 18-ல இருந்து 20 வயசுக்குள்ள நடுத்தர தூரம் ஓடற பொண்ணுங்க தொலஞ்சு போறத நிறைய பாத்திருக்கேன். ஸ்கூல்ல மாகாண சாம்பியன், ஃபர்ஸ்ட் இயர் முடியறதுக்குள்ள ஷூவ கழட்டி வச்சிடுவாங்க. திறமை எங்கயும் போகல. புது ஊரு, புது கோச், புது ப்ரோகிராம், ஹாஸ்டல் சாப்பாடு, இது எல்லாம் ஒரே மாசத்துல வருது, அதுவும் எந்த மாசம்னு பாருங்க, நம்ம ஊர்ல ரெஜிஸ்ட்ரேஷன் நடக்கறது பிப்ரவரில, டிராக் சீசன் சூடு பிடிக்கறதும் அப்பதான், நேஷனல்ஸ் பொதுவா ஏப்ரல்ல வந்துடும். கிளாஸ் எங்க இருக்குன்னே தெரியாத அந்த ரெண்டு மாசம் தான் வருஷத்துலயே முக்கியமான ரேஸ் மாசம். அந்த நேரத்துல அவள அறிஞ்ச ஒரு ஆளு பக்கத்துல இருக்கணும். நம்ம நாட்டு ஓட்டக்காரர் வேய்ட் வான் நீகெர்க்க எடுத்துக்குங்க, ப்ளும்ஃபோன்டைன்ல ஃப்ரீ ஸ்டேட் யூனிவர்சிட்டில இருந்த ஆன்ஸ் போத்தாங்கற வயசான அம்மா கோச், அவங்ககிட்ட ஓடித்தான் 2016 ரியோல 43.03 ஓடி 400 மீட்டர் உலக சாதனை வச்சாரு. அவருக்கு அமைஞ்சது சரியான கோச். உங்க பொண்ணுக்கு நல்ல கோச் வீட்டுல இருந்து ஒரு மினிபஸ் டாக்ஸி தூரத்துலயே கிடைச்சிருக்காங்க, அத விட்டுட்டு போக ரொம்ப பெரிய காரணம் வேணும்.

இப்ப தூரத்துக்கு வர்றேன். சாட்ஸ்வொர்த் எங்க இருக்கு, உம்லாங்கா எங்க இருக்கு? நகரத்தோட ரெண்டு கோடி. காலைல எழுந்து டவுனுக்கு ஒரு டாக்ஸி, அங்க இறங்கி உம்லாங்காவுக்கு இன்னொண்ணு, சாயங்காலம் திரும்ப கிங்ஸ் பார்க், அங்க ட்ரெயினிங் முடிஞ்சு இருட்டுல சாட்ஸ்வொர்த். பொண்ணு புள்ள, ராத்திரி ஏழு மணிக்கு டாக்ஸி ரேங்க்ல நிக்கணும். யுகேஸெட்என்ல அக்கவுண்டிங் நடக்கறது வெஸ்ட்வில் கேம்பஸ், அது நமக்கு பக்கம். தினமும் ரோட்ல போற அந்த நேரம் தூக்கத்துல இருந்து தான் கழியும், தூக்கம் போனா 800 மீட்டர் போச்சு, கடைசி 200-ல கால் வராது. வீட்டுல கார் இருந்து யாராவது கொண்டு விட முடியும்னா இந்தக் கணக்கு மாறும், அது உங்களுக்குத்தான் தெரியும்.

பணம். இதுல தான் ரெண்டுக்கும் உண்மையான வித்தியாசம் இருக்கு. பப்ளிக் யூனிவர்சிட்டிக்கு அரசாங்க மானியம் உண்டு, தனியாருக்கு கிடையாது, அதனால அங்க மொத்த செலவும் ஃபீஸா நம்ம தலைல வரும். என்எஸ்ஃபாஸ்ங்கற அரசாங்க மாணவர் உதவிப் பணம் பப்ளிக் யூனிவர்சிட்டிக்கும் டிவெட்ங்கற அரசாங்க தொழிற்பயிற்சி காலேஜுக்கும் மட்டும் தான், தனியாருக்கு ஒரு ரேண்ட் கூட தராது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 350,000 ரேண்டுக்கு உள்ள இருந்தா பொண்ணுக்கு என்எஸ்ஃபாஸ் வாய்ப்பு இருக்கு, அப்படின்னா இந்தக் கேள்வியே வேண்டாம், கண்ண மூடிட்டு பப்ளிக். அதுக்கு மேல கொஞ்சம் தான் சம்பாதிக்கிறோம்னா நம்மள மாதிரி நிறைய குடும்பம் மாட்டிக்கிற அந்த மிஸ்ஸிங் மிடில், ஏழையும் இல்ல பணக்காரனும் இல்ல, அப்ப பேங்க் லோன் வரைக்கும் போகும்.

தனியார் காலேஜ் ஃபீஸ்ல குறைக்கிறோம்னு சொன்னதுக்கு சந்தோஷப்படறதுக்கு முன்னாடி அது எத்தன வருஷத்துக்குன்னு கேளுங்க. ஸ்போர்ட்ஸ் பர்சரி, அதாவது விளையாட்டுக்காக தர்ற உதவித்தொகை, பெரும்பாலும் வருஷா வருஷம் புதுப்பிக்கறது தான், பப்ளிக்லயும் அப்படித்தான், டைம் ஓடலன்னா, பாஸ் பண்ணலன்னா நின்னுடும். ஆனா அது நின்னா மீதி கட்ட வேண்டிய தொகை எவ்வளவுங்கறதுல தான் வித்தியாசம். செகண்ட் இயர்ல ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் வந்து சீசன் போயிடுச்சு, பர்சரி நிறுத்திட்டாங்கன்னு வச்சுக்குங்க. பப்ளிக்ல அந்த முழு ஃபீஸ் கஷ்டம் தான் ஆனா எப்படியோ சமாளிச்சுடலாம், தனியார்ல அதே நிலைமை வந்தா படிப்பையே பாதில நிறுத்தற குடும்பம் இருக்கு. அதனால பேப்பர எடுத்து உட்கார்ந்து பர்சரி சுத்தமா இல்லன்னு வச்சு மூணு வருஷக் கணக்க போடுங்க. அந்த தொகைய கட்ட முடியும்னா மட்டும் தனியார் பக்கம் யோசிங்க.

வீட்டுக்காரரு சொல்ற ஸ்ட்ரைக் விஷயம் பொய் இல்ல. 2015-ல ஃபீஸ் போராட்டம் நாடு முழுக்க நடந்து 2016-க்கு ஃபீஸ் ஏத்தறதில்லன்னு அரசாங்கமே அறிவிச்சது, அதுக்கப்புறமும் பல கேம்பஸ்ல வருஷ ஆரம்பத்துல ரெஜிஸ்ட்ரேஷன், ஹாஸ்டல், என்எஸ்ஃபாஸ் பணம் லேட்டுன்னு போராட்டம் வருது, கிளாஸ் நிக்குது, சில சமயம் ஆன்லைனுக்கு போகுது. நிம்மதி வேணும்ங்கற அப்பா மனச நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா ஓடற பொண்ணுக்கு இதுல ஒரு விஷயம் சாதகமா இருக்கு, அவ ட்ரெயினிங் கேம்பஸுக்கு வெளிய இருக்கு, கேட் மூடினாலும் டிராக் திறந்திருக்கும். கேம்பஸ் ஜிம்மையும் கேம்பஸ் கோச்சையும் நம்பி இருக்கற பசங்களுக்கு தான் அந்த வாரங்கள் பெரிய அடி. தனியார்ல பெரும்பாலும் கிளாஸ் நிக்காது, கிளாஸ் சின்னது, லெக்சரருக்கு பேரு தெரியும், ஒரு வாரம் ட்ரிப் போயிட்டு வந்தா விட்டுப்போனத உட்கார வச்சு சொல்லித் தருவாங்க, இத நான் நேர்ல பாத்திருக்கேன், மதிக்கிறேன். ஃபர்ஸ்ட் இயர் அக்கவுண்டிங் பெரிய ஹால்ல நூத்துக்கணக்கான பேரோட நடக்கும், அங்க கூச்சப்படற பொண்ணு கை தூக்க மாட்டா. உங்க பொண்ணு அப்படிப்பட்டவளா இருந்தா அத லேசா எடுத்துக்காதீங்க, டியூட்டோரியல் கிளாஸ தவறவிடாம போகச் சொல்லுங்க, அங்க கூட்டம் கம்மி.

படிப்போட மதிப்பு பத்தி கேட்டிருந்தீங்க. நம்ம நாட்டுல 26 பப்ளிக் யூனிவர்சிட்டி இருக்கு. தனியார் நிறுவனங்கள் ரொம்ப காலமா யூனிவர்சிட்டின்னு பேர் வச்சுக்க சட்டத்துல இடம் இல்லாம இருந்தது, அதனால டிகிரி மட்டம்னு அர்த்தம் இல்ல. உயர்கல்வித் துறைல பதிவு இருக்கா, அந்தக் குறிப்பிட்ட கோர்ஸுக்கு உயர்கல்வி கவுன்சில் அங்கீகாரம் இருக்கா, தேசிய தகுதிச் சட்டகத்துல ஏழாவது நிலையா பதிவாகியிருக்கான்னு பாருங்க. இது மூணும் இருந்தா தனியார் பி.காமும் பி.காம் தான். ஆனா அவ சிஏ ஆகணும்னு நினைச்சா இன்னொரு படி இருக்கு, சாய்க்காங்கற நம்ம நாட்டு சிஏக்களோட சங்கம் தர்ற அங்கீகாரம். அது எல்லா இடத்துலயும் இருக்காது, தனியார்லயும் சில இடத்துல தான் இருக்கு. சாய்க்கா வெப்சைட்ல லிஸ்ட் இருக்கு, காலேஜ் ஆபீஸ்ல சொல்றத வச்சு முடிவு பண்ணாதீங்க.

இப்ப நிறைய பேருக்கு ஃபர்ஸ்ட் இயர் நடுவுல தான் தெரிய வர்ற ஒண்ண சொல்றேன். டிபி. நம்ம யூனிவர்சிட்டிகள்ல ஃபைனல் பரீட்சை எழுதணும்னா முதல்ல டிபி வாங்கணும், அதாவது டெஸ்ட் மார்க், அசைன்மெண்ட், டியூட் வருகை எல்லாம் சேர்த்து நீ எழுதத் தகுதியானவன்னு டிபார்ட்மெண்ட் சொல்லணும். மார்ச்ல ஒரு டெஸ்ட், அன்னிக்கே ஜோஹானஸ்பர்க்ல மீட், பொண்ணு மீட்டுக்கு போறா, டெஸ்ட்ல பூஜ்யம், டிபி போச்சு, ஜூன்ல பரீட்சையே எழுத முடியல, அந்த மாட்யூல் அடுத்த வருஷம். இப்படித்தான் மூணு வருஷ டிகிரி அஞ்சு வருஷம் ஆகுது. மாகாண, தேசிய டீம்ல செலக்ட் ஆனவங்களுக்கு டெஸ்ட் தள்ளி எழுதவும் ஸ்பெஷல் எக்ஸாம் எழுதவும் வழி வச்சிருப்பாங்க, ஆனா நாமளா கேக்கணும், முன்னாடியே கேக்கணும், செலக்ஷன் லெட்டரோட கேக்கணும். கிளப் மீட்டுக்கு போறேன்னா தர மாட்டாங்க. அதனால ஜனவரிலயே கோச்சோட உட்கார்ந்து ரேஸ் தேதியையும் டெஸ்ட் தேதியையும் ஒரே காலண்டர்ல எழுதச் சொல்லுங்க, முட்டற இடத்துல எந்த ரேஸ விடலாம்னு கோச் சொல்லட்டும். தனியார்ல இதுல வளைஞ்சு கொடுக்கறது சுலபமா இருக்கலாம், ஆனா அங்கயும் வாய்ப்பேச்ச நம்பாம ஈமெயில்ல வாங்குங்க.

யுனிசா பத்தி நீங்க கேக்கல, ஆனாலும் சொல்றேன். அதுவும் பப்ளிக் தான், 1873-ல இருந்து இருக்கற யூனிவர்சிட்டி, தபால் வழிப் படிப்பு, இப்போ ஆன்லைன். ஊர் ஊரா சுத்தற ப்ரோ விளையாட்டுக்காரங்களுக்கு அது வரப்பிரசாதம். 18 வயசுல ஸ்கூல விட்டு நேரா அங்க போறத மட்டும் நான் யாருக்கும் சொல்றதில்ல, கூடப் படிக்க ஆளில்லாம, எழுப்பி விட மணி இல்லாம தானா உட்கார்ந்து அக்கவுண்டிங் படிக்கறதுக்கு தனி மனசு வேணும். ரெண்டு வருஷம் கழிச்சு ஐரோப்பா மீட்டுக்கெல்லாம் கூப்பிட ஆரம்பிச்சா அப்ப மாத்திக்கலாம்.

அமெரிக்கா ஏஜென்ட்டுக்கு சுருக்கமா. அங்க தனியார் பப்ளிக்ங்கறது வேற கதை. ஸ்டான்ஃபோர்டு தனியார், யுசிஎல்ஏ பப்ளிக், ரெண்டும் காலேஜ் விளையாட்டோட மேல்மட்டமான டிவிஷன் ஒண்ணுல மோதறவங்க, ஓட்டத்துல எது எதுக்கும் குறைஞ்சது இல்ல. அங்க பாக்க வேண்டியது டிவிஷன். டிவிஷன் மூணுல விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, ஹார்வர்டு மாதிரி ஐவி லீக்லயும் கிடையாது, அங்க குடும்ப வருமானத்த பாத்து தர்ற உதவி தான். பப்ளிக்னா மலிவுன்னும் நினைக்காதீங்க, வெளிநாட்டு மாணவிக்கு வெளிமாநில ஃபீஸ் போடுவாங்க. 16 கோர் சப்ஜெக்ட் கணக்கு, டிவிஷன் ஒண்ணுக்கு 4-க்கு 2.3 சராசரி மார்க், இதெல்லாம் நம்ம மெட்ரிக் சப்ஜெக்ட்ல பொருந்துதான்னு பாக்கணும். அதோட 2025 ஜூன்ல கோர்ட் ஒத்துக்கிட்ட ஒரு சமரசத்துக்கு அப்புறம் பழைய ஸ்காலர்ஷிப் எண்ணிக்கை வரம்ப எடுத்துட்டு, டீம்ல இத்தன பேர் தான்னு வரம்பு வச்சிருக்காங்க, அதுல சேர்ந்த யூனிவர்சிட்டிகள்ல டிராக் டீமுக்கு 45 பேரு, அதனால ஓரத்துல இருக்கற ஓட்டக்காரங்களுக்கு இடம் இறுகிடுச்சு. ஏஜென்ட்டுக்கு இப்ப பணம் எதுவும் கட்டாதீங்க. பொண்ணு டைம் நல்லா வந்துச்சுன்னா அங்கத்த கோச்சுங்களே ஈமெயில் போடுவாங்க, அவளே அவங்களுக்கு நேரா எழுதலாம், அதுக்கு நடுவுல ஆள் தேவையில்ல.

உடம்பு விஷயம் ஒண்ணு, ஏன்னா எந்த யூனிவர்சிட்டியா இருந்தாலும் இதுல கோட்ட விட்டா எல்லாம் வீண். ஓடற அளவுக்கு சாப்பாடு உள்ள போகலன்னா பொண்ணுங்களுக்கு மாசாமாசம் வர்றது நின்னுடும், எலும்பு பலம் குறையும், கால் எலும்புல விரிசல் வரும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லயே இத பத்தி அறிக்கை போட்டிருக்கு, ஆனாலும் மெலிஞ்சா வேகமா ஓடலாம்னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க. நம்ம வீடுகள்ல காவடி விரதம் வர்றது சீசன் ஆரம்பத்துல, பொரட்டாசி வர்றது கிராஸ்-கன்ட்ரி முடியற, பரீட்சை நெருங்கற நேரத்துல. விரதம் இருக்கட்டும், நானும் இருக்கேன், ஆனா கறி மீன் நிக்கற மாசத்துல பருப்பு, சுகர் பீன்ஸ், கீரை எல்லாம் ரெட்டிப்பா போகணும், கூட எலுமிச்சையோ ஆரஞ்சோ இருந்தா இரும்புச்சத்து நல்லா சேரும், சாப்பிட்ட உடனே டீ குடிக்கறத விடச் சொல்லுங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவ இரத்தத்துல இரும்பு அளவு பாருங்க. மாசாமாசம் வர்றது மூணு மாசம் நின்னா டாக்டர், இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

அக்கா, இன்னொண்ணும் மனசுல இருக்கு. அப்பார்தைட் இனவெறிச் சட்டம் இருந்த 1961-ல நம்ம இந்திய வம்சாவளி ஆளுங்களுக்குன்னு சாலிஸ்பரி தீவுல ஒரு காலேஜ் திறந்தாங்க, அது தான் பின்னாடி வெஸ்ட்வில்லுக்கு போய் டர்பன்-வெஸ்ட்வில் யூனிவர்சிட்டி ஆச்சு, 2004-ல நட்டால் யூனிவர்சிட்டியோட சேர்ந்து யுகேஸெட்என். அந்தக் காலத்துல நம்மள்ல எவ்வளவு வேகமா ஓடினாலும் நாட்டுக்காக ஓட முடியாது, டர்பன் கரீஸ் ஃபவுன்டன் மைதானத்துல ஓடிட்டு வீட்டுக்கு வர வேண்டியது தான். 1992 பார்சிலோனால தான் நாடு ஒலிம்பிக்குக்கு திரும்பிச்சு, அப்ப நம்ம நாட்டு ஒலிம்பிக் கமிட்டி தலைவரா இருந்தது நம்ம டர்பன் சாம் ராம்சாமி. இப்ப அதே வெஸ்ட்வில் கேம்பஸ்ல படிச்சுக்கிட்டே உங்க பொண்ணு நாட்டுக்காக ஓட முடியும்ங்கறது எனக்கு சின்ன விஷயமா தெரியல. படிப்பையும் விடாம விளையாடினவங்களுக்கு நம்ம பக்கத்துலயே ஆள் இருக்காங்க, கிரிக்கெட் வீரர் செனூரன் முத்துசாமி யுகேஸெட்என்ல டிகிரி முடிச்சவரு, 2019-ல விசாகப்பட்டினத்துல இந்தியாவுக்கு எதிரா டெஸ்ட் ஆடினாரு, வீட்டுக்காரருகிட்ட இத சொல்லிப் பாருங்க.

இப்ப செய்ய வேண்டியது. யுகேஸெட்என், டியுடி (டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) ரெண்டுக்கும் சிஏஓங்கற மத்திய அப்ளிகேஷன் ஆபீஸ் வழியா தான் அப்ளிகேஷன் போகுது, பொதுவா செப்டம்பர் கடைசில மூடுவாங்க, டியுடியையும் அடுத்த சாய்ஸா போட்டு வைங்க, அதுக்கு தனி ஃபார்ம் வேண்டாம். மெட்ரிக் ட்ரையல்ஸ், அதாவது ஃபைனலுக்கு முந்தின மாதிரிப் பரீட்சை மார்க்கும் பதினோராம் கிரேடு மார்க்கும் தான் இப்போதைக்கு பேசும், அதனால ட்ரையல்ஸ் முடியற வரைக்கும் ட்ரெயினிங்க நாலு நாளா குறைக்கச் சொல்லி கோச்சுகிட்ட பேசுங்க, எந்த நல்ல கோச்சும் மறுக்க மாட்டாங்க. தனியார் காலேஜ் அப்ளிகேஷன் வேற ஆபீஸ், நேரா அவங்ககிட்ட தான், பெரும்பாலும் ஜனவரி வரைக்கும் கூட எடுத்துப்பாங்க, அதனால டெபாசிட் இப்பவே கட்டுங்கன்னு அவசரப்படுத்துனா கட்டாதீங்க, யுகேஸெட்என் பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கலாம். யுகேஸெட்என் ஸ்போர்ட்ஸ் ஆபீஸுக்கு பொண்ணோட இந்த வருஷ டைம், மீட் ரிசல்ட், கோச் லெட்டர் மூணையும் தனியா ஈமெயில் பண்ணுங்க, சிஏஓ ஃபார்ம்ல எழுதினா அவங்க கைக்கு போகாது. பர்சரி கொடுத்தா நீ யூனிவர்சிட்டி கிளப் பேர்ல தான் ஓடணும்னு கேப்பாங்க, அது நியாயம் தான், ஆனா இப்ப இருக்கற கோச்சுகிட்டயே ட்ரெயின் பண்ணலாமான்னு கையெழுத்துக்கு முன்னாடி கேட்டு, பதில எழுத்துல வாங்கிக்குங்க.